மைக்கில் சொன்னது

மைக்கில் சொன்னால் வேதம், மைக் இல்லாமல் சொன்னால் வெறும் பேச்சு. இப்படி ஒரு சட்டம் போட்ட ஐந்து புண்ணியவான்களில் முதல் ஆள் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான் இன்றைக்கு அவள் தங்கை ஒரு மரப்பெட்டிக்குள், சபையின் பூட்டிய இரும்புக் கேட்டுக்கு வெளியே, வெயிலில் நிற்கும் வண்டியில் கிடக்கிறாள்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் பிரேக்கம்மா. அந்தக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவன் 'ஐயோ' என்று நினைப்பதற்குள் அவள் அதை மிதித்திருப்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. ஆனால் அவளுடைய கோபத்துக்கு மட்டும் எந்தப் பக்கமும் பிரேக் கிடையாது.

அவள் அப்பாதான் இந்தச் சபையை ஆரம்பித்தவர். பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கடவுளைப் பற்றியும் மனுஷர்களைப் பற்றியும் மனதில் பட்டதைப் பேசினார். கூட்டம் சேர்ந்தது. அவர் கண்ணை மூடியதும், பேசியதையெல்லாம் புத்தகமாக்க ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அண்ணன், ஒரு வக்கீல், இன்னும் மூன்று தலையாட்டிகள். ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னார் என்றார் இன்னொருவர். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டபோது வக்கீல்தான் வழி கண்டுபிடித்தார். மேடையில் மைக் முன்னால் சொன்னது உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. அப்படி வந்ததுதான் 'வாக்கு' என்கிற புத்தகம். நீல அட்டை, தங்க நிற எழுத்து. இப்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் திறக்கிறார்கள்.

தங்கை கட்டினவனிடம் அடியும் உதையும் பட்டு, ஒருநாள் கைப்பையோடு கிளம்பிப் போனவள். ஏன் போனாள் என்று அப்பாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை முந்திக்கொண்டு ஓடிவந்து மூக்கைச் சிந்திச் சிந்தித் தன் கதையைச் சொல்லிவிட்டான். அந்த ஞாயிறு அப்பா மேடையில் கொதித்தார். "கட்டினவனை விட்டுட்டுப் போனவ இந்த வாசலை மிதிக்கக் கூடாது." மைக்கில் சொன்னார்.

அந்த வாரமே உண்மை தெரிந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு கூட்டம் முடிந்து, சமையலறையில் பெண்கள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தபடியே சொன்னார். "போன வாரம் கோவத்துல உளறிட்டேம்மா. பொண்ணு பண்ணினதுதான் சரி. அவளை வரச்சொல்லுங்க. அடுத்த வாரம் மைக்குலயே சொல்லிடறேன்." ஏழெட்டுப் பெண்கள் கேட்டார்கள். பிரேக்கம்மாவும் கேட்டாள். ஆனால் அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. புதன்கிழமை மாரடைப்பு.

பெண்கள் ஐவர் குழுவிடம் போய் இதைச் சொன்னார்கள். வக்கீல் பொறுமையாகக் கேட்டார், காபிகூடக் கொடுத்தார். கடைசியில், "மைக்குல சொல்லலையேம்மா" என்றார். உளறல் வேதத்தில் ஏறிவிட்டது. உளறிவிட்டேன் என்று சொன்னது டம்ளர் கழுவின தண்ணீரோடு போய்விட்டது. 

பதினைந்து வருஷம் ஆயிற்று. தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் இந்தத் தெருப் பக்கம் வரமாட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, அப்பா இடத்துல கொஞ்ச நேரம் வச்சு பிரார்த்தனை பண்ணிட்டு எடுத்துட்டுப் போங்க. அவர் வரச்சொன்னாருன்னு சொன்னியே." 

உள்ளே ஞாயிற்றுக் கூட்டம் கூடியிருந்தது. அண்ணன் மட்டும் கேட்டுக்கு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். வெள்ளைச் சட்டை, மேல் பையில் சாவி. 

"அவ எனக்கும் தங்கச்சிதான். எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா எழுதியிருக்கே, நான் என்ன பண்ணுவேன்?" 

"எழுதினது யாரு, எதிர்வீட்டுக்காரனா?" என்றாள் பிரேக்கம்மா. 

"வாக்குக்கு நான் விளக்கம் சொல்ல முடியாது. படிச்சா புரியுது. உள்ளபடி நடக்கணும், அவ்வளவுதான்." 

"சிவப்பு விளக்குல நிக்கணும்னு என் புத்தகத்துலயும்தான் போட்டிருக்கு. பின்னாடி ஆம்புலன்ஸ் கத்திக்கிட்டு வந்தா, அசையாம நில்லுன்னா சொல்லிக்கொடுக்கறேன்? எதுக்காக எழுதினாங்கன்னு புரியாதவன் கையில வண்டியைக் குடுத்தா ஆளைக் கொன்னுடுவான், அண்ணா." 

"கத்தாத. தெருவே பாக்குது. நான் இடுகாட்டுக்கு வந்து பிரார்த்தனை பண்றேன். நீ வேணா உள்ள வா. அது இங்க வேண்டாம்." 

அது. கூடப்பிறந்தவளை 'அது' என்கிறான். வண்டிக்குள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரர் இறங்கி வந்தார். "விடுங்க அக்கா. வெயில் ஏறுது. நேரா இடுகாட்டுக்கே போயிடலாம். இனிமே யார்கிட்ட கெஞ்சறது?" 

"கெஞ்சறதுக்கு இல்ல தம்பி. நீங்க வண்டியிலயே இருங்க, வந்துடறேன்" என்றாள். 

அண்ணன் சின்னக் கதவைத் திறந்துவிட்டான். தங்கை போய்ச் சேர்ந்தாலும் அக்காவுக்குப் புத்தி வந்ததே என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று கூட்டத்தின் நடுவே நடந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மேடை ஏறி, மைக் முன்னால் நின்றாள். பெண்கள் யாரும் அதன் முன்னால் நின்றதில்லை.

"வக்கீல் சார்" என்று முன்வரிசையைப் பார்த்தாள். "அப்பா மைக்குல சொன்னது எல்லாம் இந்தப் புத்தகத்துல இருக்கா?" 

"எல்லாமே இருக்கும்மா. முதல்ல கீழ இறங்கு." 

"அப்ப, 'யாரோட வண்டி வழியை மறிச்சு நிக்குது'ன்னு வாராவாரம் கேப்பாரே, அது எந்தப் பக்கம்?" 

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமிச் சமாளித்தார்கள். 

"அதெல்லாம் எதுக்கும்மா? தேவையில்லாததை எடுத்துட்டோம்." 

"எடுத்துட்டீங்க. அப்ப மைக் பாத்து முடிவு பண்ணல, நீங்கதான் பாத்துப் பாத்துப் பொறுக்கியிருக்கீங்க. இத்தனை வருஷமா பழியை மட்டும் மைக் மேல போட்டுட்டு உக்காந்திருக்கீங்க." 

அண்ணன் மேடை ஓரத்தில் நின்ற மைக் செட்காரருக்குக் கையைக் காட்டினான், அணைத்துவிடு என்று. அவர் பெரியவர் காலத்து ஆள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் பிரேக்கம்மா. "ஒவ்வொரு ஞாயிறும் மேடை ஏறினதும் மைக்கைத் தட்டிப் பாத்துட்டு, முதல்ல அப்பா ஒண்ணு சொல்வாரு. அதைச் சொல்லாம அவர் பேச்சை ஆரம்பிச்சதே கிடையாது. அது எந்தப் பக்கத்துல இருக்கு?" 

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். "அது எல்லா வாரமும் ஒரே மாதிரி வந்துதும்மா. தொண்டையைச் செருமற மாதிரி. திரும்பத் திரும்ப எதுக்கு அச்சடிக்கணும்னு..." 

"ஒரு தடவைகூடவா அச்சடிக்கல?" 

பிரேக்கம்மாவுக்கு அழுகை வரும்போலிருந்தது, அதையும் கோபமாக்கிக்கொண்டாள். அப்பா செய்வதுபோல இரண்டு விரலால் மைக்கைத் தட்டினாள். ஸ்பீக்கரில் டொக் டொக் என்று கேட்டது. அப்பா சொல்கிற அந்த முதல் வரியைச் சொன்னாள். 

"நான் சொல்றேங்கறதுக்காக எதையும் நம்பாதீங்க." 

அதோடு நிறுத்திவிட்டாள். சட்டென்று ஹாலின் வலதுபக்கம், பெண்கள் வரிசையில் ஒரு குரல் எழுந்தது. அன்றைக்கு டம்ளர் கழுவினவர்களில் ஒருத்தி. "வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க." அடுத்த வரிக்குள் பத்துக் குரல் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்து ஹாலே சொன்னது, பழக்கதோஷத்தில், யாரும் யாரையும் கேட்காமல். "தப்புன்னு பட்டா அடுத்த வாரம் வந்து என்னைத் திருத்துங்க." 

சொல்லி முடித்தபிறகுதான் தாங்கள் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே உறைத்தது. வக்கீலின் உதடும் அசைந்திருந்தது. ஏதோ தூசியைத் தட்டுவதுபோல அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"திருத்தத்தான் வந்திருக்கோம்" என்றாள் பிரேக்கம்மா. "அவரே திருத்திக்கிட்டாரு. அடுத்த வாரம் மைக்குல சொல்றேன்னாரு. அந்த அடுத்த வாரம் இன்னிக்குத்தான் வந்திருக்கு. வெளியில எங்க வீட்டுப் பொண்ணு வெயில்ல கிடக்கறா." 

முதலில் எழுந்தவர்கள் பெண்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவர்கள் பின்னால் ஆண்களும் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். கேட்டைப் பிடித்து ஆட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் மேல் பையிலிருந்து சாவியை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். ஒரு பெண் வந்து அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனாள். 

பெட்டி உள்ளே வந்தது. முன்பக்கத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் பிடித்திருந்தார். அவருக்கு இத்தனை கைகளைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை, எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மேடைக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். 

அண்ணன் மெதுவாக மேடை ஏறி அவள் பக்கத்தில் வந்தான். குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். 

"தப்பு பண்ணிட்டேன். அவகிட்டயும் உன்கிட்டயும். மன்னிச்சிடு." 

பதினைந்து வருஷம் கழித்து, இப்போதும் மைக்குக்குப் பக்கவாட்டில். பிரேக்கம்மா மைக் ஸ்டாண்டைப் பிடித்து, தரதரவென்று இழுத்து, அவன் வாய்க்கு நேராக வைத்தாள். 

"இதுல சொல்லு அண்ணா. இல்லாட்டி வெறும் பேச்சுதானே." 

அவன் மைக்கைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். கூட்டம் உட்காராமல் நின்றபடியே காத்திருந்தது. பிரேக்கம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கையும் காத்திருந்தாள். அவளுக்கு இனி என்ன அவசரம்.