முன்மேசைக்கு ஒரு வெளிச்சம்

அந்த விடுதியில் சாப்பாடும் ஆட்டபாட்டமும் ஒரே டிக்கெட்டில். பாட்டுக்காரிக்கு அங்கே இரண்டு வேலை. மேடையில் பாட வேண்டும். இடைவேளையில் இறகுத் தொப்பியைக் கழற்றாமலே மேசை மேசையாகப் போய் சூப் ஊற்ற வேண்டும். மினுக்கிக்கொண்டு வந்து ஊற்றினால் சூப்புக்கு ருசி கூடும் என்று முதலாளிக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ.

இன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி வந்திருக்கிறான். அப்பா போன பிறகு இந்தத் தொண்டையை வைத்துத்தான் அவனை ஆளாக்கினாள். ஆனாலும் ஒருநாள்கூட அவன் இந்த வாசலை மிதித்ததில்லை. திரை இடுக்கில் அவனைப் பார்த்ததும் விளக்குக்காரரிடம் ஓடினாள். குழுவில் யாருக்காவது சொந்தக்காரர் வந்திருந்தால் கடைசிப் பாட்டில் அந்த மேசைமேல் வெளிச்சம் விழும். பாடுகிறவர் மைக்கில் உறவுமுறை சொல்லி எழுப்ப, எல்லோரும் கைதட்டுவார்கள். அங்கே அது வழக்கம்.

"முன்மேசை, நீலச் சட்டை. என் தம்பிண்ணே. மறந்துடாதீங்க."

"எப்படிம்மா மறப்பேன்? தினமும் அவன் புராணம்தானே பாடுற."

சூப் வாளியோடு முதலில் அங்கேதான் போனாள். அவன் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் உடன் இருந்தார்கள்.

"மாப்பிள்ளை இங்க வரவே மாட்டேன்னாரு. நான்தான் விடாம இழுத்துட்டு வந்தேன்," என்றார் பெண்ணின் அப்பா.

"உங்க அக்கா கல்யாணத்துக்காவது வருவாங்களா தம்பி?" என்று கேட்டாள் பெண்ணின் அம்மா.

அவன் பாட்டுக்காரியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தான்.

"சந்தேகம்தான் அத்தை. அவங்க வெளிநாட்டுல டீச்சர். லீவு கிடைக்காது."

அவள் கரண்டியைச் சாய்த்தாள். பாதியிலேயே கிண்ணத்தைக் கையால் மூடி, "போதும்ங்க," என்றான்.

அக்காவிடம் அவன் ஒருநாளும் போடாத 'ங்க' அது. அதற்குள் வாத்தியம் தொடங்கிவிட்டது. விளக்குக்காரர் மாடிக் கூண்டில் இருந்தார். ஏறிப்போய் வேண்டாமென்று சொல்ல நேரமில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர், வெளிச்சத்தைச் சரியாக நீலச் சட்டைமேல் இறக்கினார். தம்பிக்கு முகம் வெளுத்துப்போனது. அந்த முகத்துக்கு எத்தனை காய்ச்சலில் ஈரத்துணி போட்டிருப்பாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மானம் கப்பலேறிவிடும். சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

"முன்மேசையில ஒரு மாப்பிள்ளை உக்காந்திருக்காரு," என்றாள் மைக்கில். "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும். எல்லாரும் கை தட்டுங்க."

பெண்ணின் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்று, மேடையைப் பார்த்து, எல்லோரையும்விடப் பலமாக அவன்தான் கை தட்டினான்.