அந்துருண்டை வாசம்

சிங்கப்பூரின் மறுகோடியான பூன் லேயிலிருந்து தூக்கி வந்த பெட்டியை மாமியார் அல்போன்சம்மாள் திறந்ததுமே மதலேனா தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். தெம்பனிஸ் புது வீட்டின் கூடம் முழுக்க அந்துருண்டை வாசம். உள்ளே இருந்தது ஞானஸ்நான உடுப்பு. அந்தக் குடும்பத்தில் பிறந்த அத்தனை பேரும் அந்த வெள்ளைப் பட்டில்தான் கோயிலுக்குப் போனார்கள். மதலேனாவின் புருஷன் பெர்னார்டும் அப்படித்தான்.

"ஒரு பூச்சி கிட்ட வந்திருக்குமா பாரு!" என்றாள் மாமியார் பெருமையாக.

பூச்சி வராது, சரி. பிள்ளைக்கு என்ன வரும் என்பது மதலேனாவுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டர் அவளிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தார். தாய் வழியில் வரும் குறையாம். பிள்ளை நன்றாக வளர்வான். ஆனால் ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் சில மாத்திரைகள் இவனுக்கு ஆகாது. அந்துருண்டை பட்ட துணியும் ஆகாது, உயிருக்கே ஆபத்து. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்றார்.

அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"மூச்சு விடாதடி. தாய் வழின்னு தெரிஞ்சா உன் தங்கச்சிய யாரு கட்டுவா?" என்றாள் அம்மா.

தங்கை பிலோமினாவை அல்போன்சம்மாளின் அக்கா மகன் சிலுவைராஜுக்குப் பேசியிருந்தார்கள். நம் ஆட்களுக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிட்டால், ரத்தம்கூடச் சொந்தக்காரர்களைக் கேட்டுத்தான் ஓட வேண்டும். மதலேனாவும் வாயை மூடிக்கொண்டு, தன் அலமாரியிலிருந்த உருண்டைகளை மட்டும் சத்தமில்லாமல் குப்பையில் போட்டாள்.

இப்போது மாமியார் உடுப்போடு தொட்டிலை நெருங்கினாள். மதலேனா பாய்ந்து பிள்ளையை வாரிக்கொண்டாள்.

"வேணாம் அத்தை! கொஞ்சம் ரூமுக்கு வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "வெளிய தெரிய வேணாம் அத்தை. தங்கச்சி வாழ்க்கை..." என்று கெஞ்சினாள்.

மாமியார் உடுப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை வெளித் தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கூடத்தில் நின்று, ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த சொந்தமெல்லாம் கேட்கச் சொன்னாள்:

"என் பேரனுக்கு அந்துருண்டை ஆகாது. அவன் ரத்தம் அப்படி, டாக்டர் சொல்லிட்டாரு. பீரோவுல உருண்டை போட்டு வச்ச சேலை கட்டினவங்க யாரும் தூக்காதீங்க."

வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கட்டியிருந்தது பீரோ சேலைதான். 'பாவி, போட்டு உடைத்துவிட்டாளே' என்று மதலேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அம்மா தரையைப் பார்த்தாள்.

"இது யாரு வழி?" என்று கேட்டாள் அந்தோனியம்மாள். சிலுவைராஜின் அம்மா அவள்தான். பிள்ளையைக் கோயிலில் ஏந்த வேண்டிய ஞானத்தாயும் அவள்தான்.

மாமியார் வாய் திறக்குமுன், "எங்க அம்மா வழி" என்றாள் மதலேனா.

அந்தோனியம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாசலுக்குத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ குளியலறைக்குள் போனாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த மதலேனாவின் சாயம் போன நூல் சேலையைக் கட்டிக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"பிள்ளையக் குடு. பிலோமினாவுக்குப் பொறக்கறதுக்கும் இப்படித்தானே பார்த்துக்கணும்? இப்பவே பழகிக்கறேன் லா."

மதலேனா பிள்ளையை நீட்டினாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.