ஒண்ணு இன்னும் அடிக்கல

லேசியா சாவியை மறுபடியும் திருப்பினாள். இன்ஜின் முனகிக்கொண்டே இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் கொஞ்சம் வெள்ளைப் புகையைத் துப்பிவிட்டு நின்றது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு தடவை இழுத்தால் பேட்டரியும் படுத்துவிடும். வாய்க்கு வந்ததைத் திட்டியபடி இறங்கி பானட்டைத் தூக்கினாள்.

கொட்டகைக் கதவின் இடுக்கு வழியே காற்று பனித்தூளை உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. மைனஸ் முப்பத்தைந்து. வழக்கமாக ராத்திரி இன்ஜின் ஹீட்டரின் ஒயரைச் சுவரில் சொருகிவிட்டால் காலையில் வண்டி குழந்தை மாதிரி எழுந்துகொள்ளும். நேற்றே காற்று எங்கோ கம்பியை அறுத்துவிட்டது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு அவள் கணவன் டானில் வடக்கே எண்ணெய்க் கிணற்று முகாமுக்குப் போயிருந்தான். அவன் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்ததே ஒழிய, எப்போது வந்து சேருவான் என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் அவள் அப்பா மெத்தோடி செத்துக்கொண்டிருந்தார். நுரையீரல் போய்விட்டது, இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விறகடுப்பின் சூடு படும்படி சமையலறையை ஒட்டிய அறைக்குக் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். அப்பாவின் அக்கா பராஸ்கா அத்தை ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து துணிப்பையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மாலை பஸ்ஸில் சேனியா வருகிறாள். லேசியாவின் தங்கை. அப்பாவின் சிநேகிதர் மகனைத்தான் கட்டிக்கொண்டாள். அவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எட்மன்டன் நகரத்துக்குப் போனபோது, "ஊர்ல என் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்? இந்த வாசல்ல இனி கால வைக்காத" என்றார் அப்பா. அவளும் வைக்கவில்லை. அம்மா செத்தபோதுகூடச் சர்ச்சுக்கு வந்து நின்றுவிட்டு, வீட்டுப்பக்கம் திரும்பாமல் போய்விட்டாள். லேசியா ஃபோன் செய்தபோது முதலில் மாட்டேன் என்றாள். நேற்று அவளே கூப்பிட்டு, "நாளைக்குப் பஸ்ல வரேன்" என்று ஒரே வரியில் சொல்லி வைத்துவிட்டாள்.

கொட்டகைக் கதவு திறந்தது. தலையில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு பராஸ்கா அத்தை.

"ஏண்டி, இன்னுமா அதோட மல்லுக்கட்டுற? பக்கத்துப் பண்ணை வால்டருக்கு ஒரு ஃபோன் போடு. அவன் போயி கூட்டிட்டு வந்துருவான்."

"இதோ ஆயிரும் அத்தை."

"காலையிலயும் இதத்தான் சொன்ன. இன்ஜினக் கிளப்புற அந்த ஸ்ப்ரே டப்பா இருக்கே, அத அடிச்சு விட்டா என்ன? என் வீட்டுக்காரன் அப்படித்தான் பண்ணுவான்."

"மாமாவுக்குப் புருவம் எப்படிப் போச்சுன்னு மறந்துட்டீங்களா? உள்ள ஹீட்டர் பிளக் சிவந்து கெடக்கும்போது அத அடிச்சா வெடிக்கும்."

"உன் பிளக்குதான் சிவக்கவே இல்லையே." அத்தை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பன் ஷேவ் பண்ணி விடச் சொல்றான்."

லேசியா நிமிர்ந்தாள். நாலைந்து நாளாக அப்பா தண்ணீர் கேட்பதற்கு மேல் பேசவில்லை.

"சேனியா வர்றான்னு அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"நீதான ராத்திரி சொன்ன. அப்ப கண்ண மூடிட்டு இருந்தான். தூங்குறான்னு நெனச்சோம். இப்பத் திடீர்னு தாடையத் தடவிக் காட்டுறான். உங்கப்பன் எப்பவும் அப்படித்தான், எல்லாத்துக்கும் ரெண்டு நாள் லேட்டு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ வந்து பண்ணி விடுறியா? என் கை நடுங்குது."

லேசியா தன் கைகளைப் பார்த்தாள். கறுப்பு மசி.

"நீங்களே பண்ணுங்க. நான் இத முடிச்சிட்டு வரேன்."

அத்தை உடனே போகவில்லை. "உனக்கு வண்டி வேணுமா, இல்ல அந்த ரூம்ல உக்கார முடியலையா?"

லேசியா ஸ்பேனரைத் தேடினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அத்தை சொன்னதில் தப்பில்லை. காலையில் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தாள். மூச்சு நின்று, நின்றேவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கரகரவென்று தொடங்கும். நடுவில் எழுந்து போய் அடுப்புக்கு விறகு போட்டாள். சமையலறையில் ஒரு கிண்ணத்தில் கோதுமை ஊறிக்கொண்டிருந்தது. தேன் கலந்து சாவுப் பூஜைக்கு வைக்கிற கோதுமை.

"அவரு இன்னும் இருக்காரு அத்தை!" என்று கத்தினாள்.

"கோதுமை ஊற ஒரு நாளாகும்டி" என்றாள் அத்தை.

அப்போது கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தவள்தான்.

சாவியைப் பாதி திருப்பி வைத்தாள். டேஷ்போர்டில் காத்திரு என்று சொல்லும் விளக்கு எரிந்தது. ஓடிவந்து பானட்டுக்குள் காதை வைத்தாள். பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் ரிலே டிக் என்றது. ரிலே போயிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. டெஸ்ட் லாம்பை எடுத்து ரிலேயின் ஒரு பக்கத்து போல்ட்டில் வைத்தாள், எரிந்தது. அடுத்த போல்ட்டிலும் எரிந்தது. ஆக, ரிலே கரண்டை அனுப்புகிறது, கரண்ட் போய்ச் சேரும் இடத்தில்தான் கோளாறு.

சாவியை அணைத்துவிட்டு லாம்பின் கொக்கியை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டினாள். சிலிண்டருக்கு ஒன்றாக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் ஒவ்வொன்றின் ஒயரையும் பிடுங்கி, தலையில் லாம்பின் முனையை வைத்தாள். உயிரோடிருக்கிற பிளக் என்றால் லாம்ப் எரியும். முதல் பிளக்கில் எரிந்தது. இரண்டாவதில் இல்லை. கரி பிடித்திருக்குமோ என்று சுரண்டிவிட்டு வைத்தாள், அப்போதும் இல்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். கையுறை போட்டால் விரல் உள்ளே நுழையாது, கழற்றினால் இரும்பில் தோல் ஒட்டிக்கொள்கிறது. எட்டில் ஐந்து செத்துக் கிடந்தது. மூன்றை வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் எந்த வண்டி எழும்?

புதுப் பிளக்குகள் அலமாரியில் டப்பா பிரிக்காமல் இருந்தன. உழவு முடிந்ததும் அப்பா வாங்கிவந்து வைத்தவை. இருமலோடு இரண்டு தடவை மாற்றப் போனார். இரண்டு தடவையும் அவள் போய் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, "நான் பண்ணிக்கிறேன், உள்ள போங்க" என்று துரத்திவிட்டாள். அப்புறம் ஆஸ்பத்திரி வந்தது, பிளக்கை யார் நினைத்தார்கள்?

எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். அவசரப்பட்டு முறுக்கக் கூடாது. பழைய பிளக்கின் முனை சூட்டில் வீங்கியிருந்தால் ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அப்புறம் இன்ஜினின் மேல்மூடியையே கழற்ற வேண்டியதுதான். கால் சுற்று கழற்றி, கொஞ்சம் முறுக்கி, மறுபடி கால் சுற்று. நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. அவள் உடம்பில் அன்றைக்கு நிதானம் ஒரு சொட்டு இல்லை. ஸ்பேனரைப் பிடித்திருக்கும்போதே காது வீட்டுப்பக்கம் இருந்தது. அத்தை கூப்பிடுகிறாளா? காற்றுதான். இன்னொரு கால் சுற்று. சேனியா வந்து வாசலில் நின்றால் அப்பா என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்ல மூச்சு வேண்டுமே. அவள்தான் ஏதாவது சொல்லிவிடுவாள். சொல்லட்டும். இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டுப் போகட்டும். அதைக் கேட்கவாவது அவருக்கு உயிர் இருக்கட்டும்.

நான்கு வெளியே வந்தன. புதியவற்றின் மரையில் கிரீஸ் தடவிக் கையால் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போட்டாள். ஐந்தாவது, பின்சுவரை ஒட்டி இருந்தது, அசையவே இல்லை. எண்ணெய் விட்டாள், தட்டினாள், கெஞ்சினாள். உலோகம் கிறீச்சென்றது. அந்தச் சத்தம் பிடிக்காமல் கையை எடுத்துவிட்டாள். ஏழு போதும். ஒயர்களைச் சொருகினாள்.

சாவியைப் பாதி திருப்பி, விளக்கு அணைந்த பிறகும் மனசுக்குள் கொஞ்சம் எண்ணிவிட்டு முழுக்கத் திருப்பினாள். இன்ஜின் முனகியது. முனகி, தும்மி, ஒரு பக்கமாக நொண்டி நொண்டி, திடீரென்று பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது. அவள் ஸ்டீரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்துச் சிரித்தாள். கதவை அகலத் திறந்து வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். டக்கு டக்கென்று ஒரு இடத்தில் தட்டித் தட்டி ஓடியது. சூடானால் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தத்தில் வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு இன்ஜினை ஓடவிட்டே உள்ளே போனாள்.

"அத்தை, புடிச்சிருச்சு!"

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. இன்னொன்றில் சோப்பு நுரை. ஜன்னல் வெளிச்சம் விழட்டும் என்று அவர் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். கை நடுங்கவில்லை.

"தண்ணி ஆறிருச்சு" என்றாள் திரும்பாமலே. "அடுப்பு மேல கெட்டில் இருக்கு. கொஞ்சம் ஊத்திக் கொண்டா."

லேசியா கெட்டிலை எடுத்து வந்து கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றும்போதுதான் அந்தக் கரகரப்பு இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. கெட்டிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப?"

"இப்பத்தான். நீ வண்டிய வெளிய எடுத்தியே, அப்ப." அத்தை பிளேடைத் தண்ணீரில் அலசினாள். "கண்ணத் தொறந்து ஜன்னல் பக்கம் பாத்தான். 'ஒண்ணு இன்னும் அடிக்கல'ன்னான். என்னடா அடிக்கலன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

வெளியே வண்டி தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது. எட்டு சிலிண்டரில் ஒன்று இன்னும் பற்றவில்லை.

"என்னைய ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேன்டி. அந்தச் சத்தத்துல உனக்கு எப்படிக் கேக்கும்?"

லேசியா கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் மண்டியிட்டாள். அப்பாவின் கையைத் தொடப் போனவள் தன் விரல்களைப் பார்த்து நிறுத்தினாள். கோட்டில் துடைத்தாள். போகவில்லை. அத்தை நுரை பட்ட துண்டை எறிந்தாள். அதில் துடைத்துக்கொண்டு லேசியா அவர் கையைப் பிடித்தாள். அடுப்புப் பக்கத்துக் கை. சூடாகவே இருந்தது.

அத்தை மறு கன்னத்தையும் முடித்தாள். உதட்டுக்கு மேலே வரும்போது, உயிருள்ளவனுக்குச் செய்கிற மாதிரியே தன் உதட்டையும் இழுத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, தாடையை ஒரு துணியால் கட்டினாள். சின்ன முடிச்சு போட்டாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்கியது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"எழுந்திரு" என்றாள். "பஸ் வந்துரும். அவ கால் வெறைக்க நிப்பா. சர்ச் சாமியாருக்கு நான் ஃபோன் பண்ணிக்கிறேன்."

பஸ் நிற்கும் பெட்ரோல் பங்க் வாசலில், மூடிய கடையின் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் சேனியா. நகரத்துக் கோட்டு, நகரத்து ஷூ. முடியில் நரை ஓடியிருந்தது. பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. கோட்டுகள் மிகத் தடிமனாக இருந்தன.

"ஹீட்டர் போட மாட்டியா?"

"போட்டுத்தான் இருக்கு. இன்னும் சூடு வரல."

கொஞ்ச தூரம் போனார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வயல். வேலிக் கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது.

"நான் வர்றேன்னு அவர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஷேவ் பண்ணி விடுன்னு அத்தைகிட்டக் கேட்டாரு."

சேனியா சிரிப்பு மாதிரி ஏதோ ஒரு சத்தம் செய்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் என்னென்னவோ யோசித்து வைத்திருந்ததாகவும், ஏறும்போது ஒன்று, பாதி வழியில் வேறொன்று, இப்போது எதுவும் நினைவில்லை என்றும் சொன்னாள். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரணும் லேசியா. திட்டுறதுக்கில்ல. அந்தாளு எங்க பக்கம் நின்னிருந்தா..." லேசியா கியரை மாற்றினாள்.

வேகமானியின் முள் எழும்பவே இல்லை. எதிரே வந்த மாட்டு லாரி கடந்து போனது. சேனியா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டுற?"

"ரோடு வழுக்குது."

சேனியா ரோட்டைப் பார்த்தாள். வழுக்காமலிருக்கக் காலையில்தான் அதில் மண் தூவியிருந்தார்கள். நீளத்துக்கும் பழுப்பாக, காய்ந்து கிடந்தது.

பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். இருவரின் மூச்சும் முன்கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படிந்து பாதையை மறைத்தது. சேனியா கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்தாள். முன்னால் சாய்ந்து, லேசியாவின் பக்கத்துக் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தாள். சுரண்டிய இடம் உடனே மூடிக்கொண்டது. அவள் மறுபடியும் சுரண்டினாள்.