துப்பாக்கிக்கு வாய்த்த கட்டை

சிக்ஸ்டென் நீவால் தன் வேட்டைத் துப்பாக்கியை உடைத்துக்கொண்ட கதையை ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அவன் சொன்னது, ஈரப் பாறையில் வழுக்கி விழுந்ததில், தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை பிளந்துவிட்டது என்பது. நடந்தது வேறு. வண்டியின் பின்சக்கரத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு, நின்றபடியே ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்து முடித்து, ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தான். தரை சேறாக இருந்ததால் இரும்பு தப்பியது. கட்டை இரண்டாகப் போயிற்று. தோல்வாரில் டயரின் அச்சு பூப்போட்ட மாதிரி பதிந்திருந்தது. கிரான்லிடென் ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. விழுந்தது எந்தப் பாறை என்று மட்டும் அக்கறையாக விசாரித்தார்கள்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை வேட்டைக் குழுவின் சுடும் தேர்வு. செப்டம்பர் முதல் திங்களன்று எல்க் மான் வேட்டை தொடங்கிவிடும். தேர்வில் தேறாதவனுக்குப் பரண் கிடையாது. காட்டுக்குள் நடந்து, கத்திக் கூச்சல் போட்டு, பரணில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் மானை விரட்டுகிற வேலைதான். சிக்ஸ்டெனின் பரண் கொக்குச் சதுப்பின் ஓரத்தில், மாமனார் வழியாக வந்தது. அந்தக் காட்டில் பிறந்த எந்த எல்க்கும் அந்தச் சதுப்பைக் கடந்தே தீரும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் படும் என்று வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்வார்கள்.

பரணை யாரும் தட்டிப் பறித்துவிடக் கூடாது என்று குழுவில் ஒரு விதியைக் கொண்டுவந்தவனும் அவன்தான்: பழையவர் யாரும் இடம் மாறக் கூடாது, காலியாகும் பரண் புதிதாகச் சேருகிறவருக்கே. புதிதாக யாரும் சேருவதில்லை என்பதால் ஆபத்தில்லாத விதி. ஒருவரைச் சேர்க்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காமல் இருப்பதற்குச் சிக்ஸ்டென் இருந்தான்.

ஆக, அவனுக்கு வேண்டியது ஒரு கட்டை. நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மாடல் நின்னே ரொம்ப காலமாச்சு. பிளாஸ்டிக்ல வேணும்னா இருக்கு. நாளைக்கே மாட்டித் தந்துடுறேன்."

"பிளாஸ்டிக்கா? நான் வேட்டைக்குப் போறவன்ப்பா, பிக்னிக்குக்கு இல்ல."

வேறு எப்படிச் சொல்ல முடியும்? குழுத் தலைவன் ஏவர்ட் பிளாஸ்டிக் கட்டை போட்ட துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து அதற்கு 'மோர் டப்பா' என்று பெயர் வைத்து, வேட்டைக் குடிசையில் நெருப்பு மூட்டும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தவன் சிக்ஸ்டென். மரம்தான் மரியாதை, வால்நட் மரம் வைத்தவன்தான் வேட்டைக்காரன் என்று சட்டம் பேசிய வாய். இப்போது அந்த வாயே குறுக்கே நின்றது.

இணையத்தில் தேடினான். தெற்கே ஒருவன் அனுப்பிய கட்டையில் திருகு ஓட்டை விரலகலம் தள்ளியிருந்தது. பின்லாந்திலிருந்து வந்தது பளபளவென்று மின்னியது. பிரித்துப் பார்த்தால் இடதுகைக்காரனுக்குச் செய்தது. மரத்தில் செதுக்கித் தருகிற ஒருவன், மரம் காய வேண்டும், அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் வா என்றான். மனைவி பார்ப்ரு இதையெல்லாம் உருளைக்கிழங்குத் தோலை உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தூரே உன்கூடத்தானே வாங்கினான், இதே துப்பாக்கி? மைலிஸைக் கேளேன்."

தூரே செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் மனைவி மைலிஸ் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறி, வசந்த காலத்தில் குழுவில் சேர மனுப் போட்டிருந்தாள். அன்று கூட்டத்தில் எழுந்து, "எனக்கு ஆட்சேபணையே இல்ல, ஆனா குடிசையில இருக்கிறது ஒரே ஒரு சானா நீராவிக் குளியலறை, அந்தப் பொம்பள எங்க போய்க் குளிப்பா?" என்று மனிதாபிமானத்தோடு கேட்டவன் சிக்ஸ்டென். மனு தள்ளிப்போயிற்று.

ஆனாலும் தன் காரியம் என்றால் வெட்கம் வழிவிடத்தான் செய்யும். பார்ப்ரு செய்த மஞ்சள் காட்டுப்பழ ஜாம் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான். மைலிஸ் காப்பி ஊற்றினாள். வானிலை பேசினார்கள். இரண்டாவது கோப்பையும் காலியானது.

"தூரேயோட துப்பாக்கிய என்ன பண்ணினே?"

"என் பேருக்கு மாத்திக்கிட்டேன். கட்டையை மட்டும் கழட்டிட்டு பிளாஸ்டிக் போட்டுட்டேன், லேசா இருக்கு. உனக்கு அதுதானே வேணும்? கொட்டகையில கிடக்கு, எடுத்துக்கோ."

"காசு..."

"காசு வேணாம். ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பிளாஸ்டிக் வாங்குறதுக்கு முன்னால அதையே என் கைக்குத் தோதா அறுத்துப் பார்த்தேன். உனக்குக் குட்டையா இருக்கும். பின்னால தடிமனா ரப்பர் வெச்சு மாட்டு, இல்லேன்னா உதைக்கிறப்போ துப்பாக்கி மேல இருக்கிற தொலைநோக்கி கண்ணுக்கு வந்துரும்."

"சரி."

"இன்னொண்ணு. அடுத்த வாரக் கூட்டத்துல சானாவைப் பத்தி வாயைத் திறக்காதே. அது போதும்."

சிக்ஸ்டென் மனக்கணக்குப் போட்டான். காலியாக இருப்பது தூரே உட்கார்ந்த சரளைக்குழிப் பரண் ஒன்றுதான். அங்கே லாரிகளைத் தவிர வேறெதுவும் வராது. இவள் வந்து உட்கார்ந்து லாரி எண்ணிக்கொண்டிருக்கட்டும். அடுத்த வாரம் ஏவர்ட், "யாருக்காவது சொல்ல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டபோது எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. சிக்ஸ்டென் காப்பியில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். மைலிஸ் சேர்ந்துவிட்டாள்.

கட்டை கச்சிதமாகப் பொருந்தியது. நல்ல வால்நட், எண்ணெய் தேய்த்ததும் தேன் நிறத்தில் வரிகள் எழும்பின. ரப்பரையும் வாங்கினான், மாட்டினான், கண்ணாடி முன் நின்று பார்த்தான். ஆஸ்பத்திரிச் செருப்பு மாட்டின மாதிரி இருந்தது. ஏன் இத்தனை தடி ரப்பர் என்று எவனாவது கேட்பான். மைலிஸ் கை அளவுக்கு அறுத்தது என்று சொல்ல வேண்டிவரும். கழற்றிப் போட்டுவிட்டு, தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவனின் நெற்றிக்குக் குறிபார்த்தான். கழுத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டால் சரியாக வந்தது.

"குட்டையா தெரியுதே," என்றாள் பார்ப்ரு.

"அதுதான் அடக்கம்."

"அடக்கமா? உனக்கா?"

சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. தண்டவாளத்தில் ஓடும் எல்க் வடிவப் பலகையை மைலிஸ் தன் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட்டு, அலட்டிக்கொள்ளாமல் தேறினாள். சிக்ஸ்டென் வந்து நின்றதும் எல்லோரும் கட்டையைப் பாராட்டினார்கள். அவன் அதைக் கொஞ்சநேரம் வெயிலில் காட்டினான். பலகை ஓடியது. ஓடுகிற எல்க்கைக் கண்டதும் கழுத்தைப் பின்னால் இழுக்க வேண்டும் என்பது மறந்தது.

துப்பாக்கி உதைத்தது. தொலைநோக்கியின் வளையம் புருவத்துக்கு மேல் வந்து முத்திரை குத்தியது.

அந்தப் பக்கத்தில் அந்தத் தழும்புக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாத கற்றுக்குட்டிக்கு முதல் வருடம் விழுகிற பிறை அது. யாருக்கு விழுந்தாலும் "நிலா உதிச்சாச்சு" என்று குடிசை அதிரக் கத்துவது சிக்ஸ்டெனின் வழக்கம். இன்று ஒருவரும் கத்தவில்லை. நாகரிகமானவர்கள். புருவத்திலிருந்து ரத்தம் வழிய அவன் அடுத்த இரண்டு குண்டுகளைச் சுட்டான். உதைக்குப் பயந்து விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொண்டது. ஒன்று பலகையின் காலில் பட்டது, மற்றது காட்டோடு போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் படாது என்பது அன்று நிரூபணமானது.

ஏவர்ட் பக்கத்தில் வந்தான். நல்ல மனிதன்.

"எனக்கு மனசு கேக்கல. என் துப்பாக்கிய எடுத்துக்கோ, இன்னொரு தடவை சுடு. சட்டத்துல இடம் இருக்கு."

மோர் டப்பாவை நீட்டினான். இந்த இடத்தில் கையை நீட்டியிருந்தால் பரண் தப்பியிருக்கும். சிக்ஸ்டென் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"வேணாம். கண்ணு சரியில்ல இன்னிக்கு."

"சரி," என்று ஏவர்ட் திரும்பினான். "மைலிஸ், விதிப்படி புதுசா வந்தவ நீதான். இப்ப ரெண்டு பரண் காலி. எது வேணும்?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "கொக்குச் சதுப்பு." பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்துச் சிக்ஸ்டெனிடம் கொடுத்தாள். "ரப்பர் வெக்கச் சொன்னேனே," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்படிச் சொன்னதுதான் அவனுக்கு ஆறவே இல்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

திங்கள் காலை பனிமூட்டத்தில் சதுப்புப் பாதை பிரிகிற இடத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். வேட்டைக்குப் போகிறவரை அங்கே யாரும் வாழ்த்த மாட்டார்கள், வாழ்த்தினால் ஆகாது. சபித்துத்தான் அனுப்புவார்கள்.

"உன் வேட்டை நாசமாப் போகட்டும்," என்றான் சிக்ஸ்டென். வாழ்நாளில் முதல்முறையாக அதை மனமாரச் சொன்னான்.

"உன்னுதும்தான்," என்று சிரித்துவிட்டு அவள் ஏணியில் ஏறினாள்.

அவன் ஆரஞ்சுச் சட்டையும் நெற்றியில் பிளாஸ்திரியுமாகக் காட்டுக்குள் நடந்தான். வெகுதூரம் போகவில்லை. முன்னால் இருந்த புதர் எழுந்து நின்றது. பெரிய ஆண் எல்க், கொம்பில் பாசி தொங்க, அவனையே பார்த்தது. விரட்டுகிறவன் இந்த இடத்தில் கத்த வேண்டும். கத்தினால் அது எங்கே போகும் என்று அவனைவிடத் தெரிந்தவன் இல்லை. சிக்ஸ்டென் வாயை மூடிக்கொண்டான். மூச்சைக்கூட அடக்கினான். போ, வடக்கே போ, சரளைக்குழிக்குப் போ என்று மனதுக்குள் கெஞ்சினான்.

எல்க் கொஞ்சநேரம் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தது. பிறகு அதன் அப்பனும் பாட்டனும் போன வழியிலேயே, அவசரமில்லாமல், சதுப்பைப் பார்க்க நடந்தது. ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

மார்பில் தொங்கிய வாக்கி-டாக்கி கரகரத்தது. ஏவர்ட் பேசினான், குழு முழுக்கக் கேட்டது.

"மைலிஸ் வீழ்த்திட்டா. சிக்ஸ்டென், இந்த மாதிரி விரட்டு நான் பார்த்ததே இல்லப்பா. ஒரு சத்தம் இல்ல, கயிறு கட்டி இழுத்துட்டு வந்த மாதிரி நேரா பரணுக்குக் கீழயே கொண்டுவந்து நிறுத்திட்ட. இத்தனை வருஷம் உன்னை மேல உக்கார வெச்சு வீணாக்கிட்டோம். இனிமே வருஷா வருஷம் நீதான் விரட்டணும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை. சிக்ஸ்டென் வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்தான். இருந்த ஒரே ஆட்சேபணையைச் சொல்ல வேண்டுமென்றால், நான் கத்தவே இல்லை என்று சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திய விரலை மெல்ல எடுத்துவிட்டு, இறந்த எல்க்கை இழுக்கக் கை கொடுக்கப் போனான்.