கனவில் குடித்த தண்ணீர்

தாஜ் முகம்மதுக்கு ஆறு மாதமாக ஒரே கனவுதான். பாபநாசத்தில் இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடிக்கிறார். மீன்கள் வந்து காலைக் கொத்துகின்றன. குடிக்கக் குடிக்க வயிறு நிறையவே மாட்டேன் என்கிறது. விழித்துப் பார்த்தால் உதட்டில் ஈரம் இருக்கிற மாதிரியே இருக்கும். கனவில் குடித்ததற்கெல்லாம் யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்றுதான் மனுஷன் நிம்மதியாக இருந்தார். கேட்டுவிட்டார்கள்.

சவூதியில் பாலைவன முகாம்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர் அவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, மேலப்பாளையத்து வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், அதோடு சரி. காலையில் மனைவி ஆபிதா பீவி அதை நிரப்பி வைப்பாள். தேயிலைத் தண்ணீருக்கும் மாத்திரைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இடையிடையே பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார்.

அன்று டயாலிசிஸ் அறையில் எடை மெஷினில் ஏறி நின்றார். அங்கே வேலை பார்க்கும் ஃபெபி முதலில் முள்ளைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மறுபடியும் நாலு கிலோ கூடியிருக்கு அண்ணாச்சி. அம்புட்டும் தண்ணி. போன வாரமே நெஞ்சுல நீர் கோத்து மூச்சு முட்டுச்சில்லா? இப்படியே போனா இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ."

ஆபிதாவுக்கு வந்ததே கோபம்! "பாட்டில் போக வேற எங்கன குடிக்கிய? உண்மையச் சொல்லுங்க."

"அல்லா மேல ஆணை, ஒரு சொட்டு கூடுதலா குடிக்கல."

"அப்ப இந்தக் கால் வீக்கம் வானத்துல இருந்தா வந்துச்சு? நோன்பு பொறந்ததுல இருந்து நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். களவாண்டு குடிச்சிட்டு அல்லாவ வேற இழுக்கியளா?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கையில் ஏறிய ஊசியைவிட அதுதான் அவருக்கு வலித்தது. தன் உயிரைத் தானே களவாடுகிறவன் என்று அவளே நினைத்துவிட்டாளே!

குழாய் வழியாக ரத்தம் வெளியே போனது. கண் சொக்கியது. ரத்தத்தோடு கூடவே அவரும் போனார். மெஷினுக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள். அதற்குள் நுழைந்ததும் அது மலையடிவாரம் ஆகிவிட்டது. அணைக்கட்டின் மேலே இரண்டு காவல்காரர்கள். நல்ல காலத்தில் அவர்கள் வேலையே வேலை! உடம்பின் ரத்தம் முழுவதும் திரும்பத் திரும்ப அவர்கள் கையால்தான் சலிக்கப்படும். அழுக்கைப் பிரித்துவிட்டு, தேவையான தண்ணீரை உடம்புக்கே திருப்பி அனுப்புவார்கள். வறட்சி என்றால் மதகை இறுக்குவார்கள், வெள்ளம் என்றால் திறந்துவிடுவார்கள். இப்போதோ இரண்டு பேரும் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள்.

"ஏலே, எந்திங்கலே! தண்ணி ஏறுது!"

இருவரும் அசையவே இல்லை. தண்ணீர் பைய அவர் நெஞ்சுவரை வந்தது.

பதறி விழித்தார். ஃபெபி பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா, நான் தூக்கத்துல எந்திச்சுப் போயி குடிக்கேனோ என்னமோ. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

ஆபிதா திரும்பிப் பார்த்தாள். ஃபெபி சிரிக்கவில்லை. "நேத்து சாயங்காலத்துல இருந்து என்னென்ன சாப்பிட்டிய?"

ஆபிதாதான் பதில் சொன்னாள். "அவுகளுக்கு நோன்பு கெடையாது. ஆனாலும் பள்ளிவாசல் கஞ்சில அல்லாவோட பரக்கத்து இருக்குல்லா? நோன்பு தொறக்கும்போது ரெண்டு கோப்பை குடுத்தேன். மிச்சத்த விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்குச் சூடாக்கி ஒரு கோப்பை."

"அக்கா, அது தண்ணியில்லையா?"

"கஞ்சி சாப்பாடுல்லா..." பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

"முக்கால்வாசியும் தண்ணிதான். உப்பு வேற. உப்பு தாகத்த இழுக்கும். சிறுநீரகம் நல்லா இருந்தா மிச்சத்த வெளிய தள்ளிரும், இவுகளுக்கு அது உள்ளயே நிக்கும்."

ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா! என் கையாலயே ஊத்திக் குடுத்துட்டு உங்களப் போயி கள்ளன்னுட்டேனே!"

"சரி விடு," என்றார் அவர். நிஜமாகவே பாரம் இறங்கியிருந்தது. கனவு குற்றவாளி இல்லை, தானும் இல்லை.

மாலையில் பாங்கு சொன்னார்கள். ஆபிதா அவருக்குக் கஞ்சி வைக்கவில்லை. ஒரு தோசையை வைத்துவிட்டு, தன் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போனாள். நோன்பில்லாத நாட்களிலும் அப்படித்தான் போவாள். ஆறு மாதமாக அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அவர் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. பகல் முழுக்க வெயிலில் வறண்ட தொண்டை. சத்தம் வராமல் சொட்டுச் சொட்டாக அங்கே ஒருத்தி குடித்துக்கொண்டிருக்கிறாள். அட, வீட்டில் களவாண்டு குடித்தது இவள்தான்!

"ஆபிதா, இங்கன வா. தம்ளரோட வா."

வந்தாள். தம்ளர் முந்தானைக்குள் இருந்தது.

"என் முன்னால குடி."

"எப்படிங்க..."

"குடி. சத்தம் கேக்கட்டும்."

அண்ணாந்து குடித்தாள். மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்கியது. கண்ணீரும் தண்ணீரும் மோவாய் வழியாகச் சேர்ந்து வடிந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு அவர் இடுப்புவரை குளிர்ந்து ஓடியது.

"இன்னொரு தம்ளர் குடி," என்றார்.