அவர் இருக்கும்போது கழற்றிவிடுவாள்

வெள்ளையாக ஒரு சத்தம், அருவி என்றால் சங்கரவடிவுக்கு அவ்வளவுதான், கண்ணாடியைக் கணவனின் அக்கா உலகம்மை மதினியிடம் கொடுத்துவிட்டுக் குளித்து வெளியே வருகிறாள், கல்யாணமான வருஷத்துச் சாரல், குற்றாலம், பிடித்துவந்த கம்பி முடிந்த இடத்தில் உலகமும் முடிந்துவிடுகிறது, மைனஸ் பதினாறு, நீட்டினால் சொந்த விரல்களே கரைந்துபோகிற பார்வை, மதினி, மதினி என்று கூப்பிட்டாள், பதிலில்லை, நீலமாக ஏதோ அசைந்தது, அவர் போட்டிருந்ததும் நீலச் சட்டைதான், என்னங்க என்று அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள், ஏ, யாரும்மா நீ, கைய விடு என்று அந்நியக் குரலொன்று உதறியது, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அதற்குள் கணவன் ஆவுடையப்பனின் சிரிப்பும் இருந்தது, கையெட்டும் தூரத்தில்.

பாத்தியால, புருசனையே தெரியல இவளுக்கு என்றாள் மதினி, சும்மா வெளாட்டுக்குத்தான், எம்புட்டுத் தூரம் தெரியுதுன்னு பாத்தோம், இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு என்றான் அவன், ஈரக் கையால் கண்ணாடியை வாங்கி மாட்டியபோது முதலில் தெரிந்தது அவன் உதட்டோரத்தில் இன்னும் காயாத அந்தச் சிரிப்பு, அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம், பசிக்குது, சாப்பிடப் போவமா என்றுதான் கேட்டாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் அவன் சைக்கிள் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய்க் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தது, யோசித்துச் செய்யவில்லை, மறுநாளும் அப்படித்தான், பிறகு அதுவே வழக்கமாயிற்று, சோறு போடுவதும் படியேறுவதும் கைக்கும் காலுக்கும் பழகிவிட்டன, கண்ணாடி இல்லாமத்தான் நீ லெச்சணமா இருக்க என்று அவன் மகிழ்ந்துபோனான், தனக்காகத்தான் என்று மதினியிடமும் சொல்லிப் பெருமைப்பட்டான், அவள் மறுக்கவில்லை, மகள் பகவதி பிறந்தாள், படித்தாள், அவளுடைய கல்யாண மேடையில் பக்கத்தில் அவன் நின்றது வெள்ளை வேட்டியாக ஒரு மங்கலாகத்தான், கனவில் மட்டும் கண்ணாடியில்லாமலே எல்லாம் துல்லியம், அங்கே அவனுக்கு வயதே ஆகவில்லை, அந்த உதட்டோரம் காயவேயில்லை, எழுந்ததும் நெஞ்சில் அந்தக் கோபம் வெதுவெதுப்பாக இருக்கும், அதை வைத்துக்கொண்டுதான் காபி போட்டாள், துணி மடித்தாள், அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது கூடத்தில் ஐஸ் பெட்டி, அம்மா, கண்ணாடியப் போட்டுக்க, கடைசியா ஒரு தடவ அப்பா முகத்தப் பாத்துக்க என்று பகவதி கொண்டுவந்து கொடுக்கிறாள், போட்டுக்கொண்டு குனிகிறாள், உள்ளே யாரோ ஒரு கிழவர், கன்னம் ஒட்டி, புருவம் நரைத்து, பாவம்போல ஒரு வாய், இத்தனை காலம் அவள் கோபித்துக்கொண்டிருந்த ஆளைக் காணோம், எப்போது போனான், இவர் எப்போது வந்தார், நெற்றியில் குறுக்காகப் பெரிய தழும்பு வேறு, இது எப்ப வந்துதுடி என்று மகளைக் கேட்டாள்.

என்னம்மா இப்படிக் கேக்க, குளியலறையில வழுக்கி விழுந்து தையல் போட்டாங்கல்லா, ஆசுபத்திரியில நீதான கூட இருந்த.

ஆமா, இருந்தேன் என்றாள் சங்கரவடிவு.