இரண்டாவது தடவை

சாம்சன் கூப்பிட்டபோது சந்திரலேகா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அறையில் கூட இருக்கும் கலைமதி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். கட்டில் மேல் மடிக்கணினி சூடேறி இரைந்துகொண்டே மடையின் அடுத்த வெர்ஷனைக் கம்பைல் செய்துகொண்டிருந்தது.

மடை அவள் எழுதிய நிரல் மொழி. சின்னச் சின்ன கன்ட்ரோல் போர்டுகளுக்கு, இந்த சென்சார் இப்படிச் சொன்னால் அந்த மோட்டாரை நிறுத்து என்று நாலு வரியில் சொல்லிவிடுவதற்கான மொழி. கண்மாய் மடையைப் பார்த்து வளர்ந்த விளாத்திகுளத்துக்காரிக்குத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் வேறு பெயர் தோன்றவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆரம்பத்தில் அவளைத் தவிர யாரும் சீந்தவில்லை. பிறகு முகம் தெரியாத சிலர் எங்கெங்கிருந்தோ திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரகடத்துக் கம்பெனியில் நாள் முழுக்க வயர் கட்டுகளைச் சோதித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி படப்பையில் இறங்குகிறவளுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

அதை உண்மையான மிஷினில் முதலில் ஏற்றியவன் சாம்சன். அவளோடு அதே டெஸ்டிங் பெஞ்சில் இருந்தவன். கான்ட்ராக்ட் முடிந்ததும் சொந்த ஊரான மண்ணூரிலேயே ஒரு ஷெட்டில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அங்கே தகடு வளைக்கும் பழைய பிரஸ் ஒன்று. அதன் கன்ட்ரோலர் புகைந்துபோன பிறகு புதிது வாங்க முதலாளி மனசு வைக்கவில்லை. சாம்சனே ஒரு போர்டு வாங்கி, கை குறுக்கே வந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சாரோடு சேர்த்து, மடையில் எழுதி மாட்டினான். ‘நம்ம மொழி இரும்ப தூக்குது பாரு’ என்று அவன் அனுப்பிய வீடியோவை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

“கங்கா அக்காவுக்கு கை போயிடுச்சு லேகா,” என்றான் சாம்சன். “வெள்ளிக்கிழம. பிரஸ்ல. வலது கையில கட்ட விரலு மட்டுந்தான் மிச்சம்.”

அவள் ஈரக்கையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். கங்காவை ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஷெட்டைப் பார்க்கப் போனபோது தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி தோசையைப் பிட்டுக் கொடுத்தவள்.

“சென்சார் வேல செய்யலியாண்ணே?”

“அதான் புரியல. நேத்து ஃபுல்லா செக் பண்ணிகினு இருந்தேன். கைக்கு பதிலா ஒரு கட்டைய உள்ள வச்சிட்டு பெடல மிதிச்சா பிரஸ் எறங்கவே மாட்டேங்குது. நல்லாத்தான் கீது. அத ஓனரும் பாத்துட்டாரு. மிஷின் ஓகே, சென்சார் ஓகே, அந்தம்மா போன் பேசிகினே கைய வுட்டுச்சுன்னு எழுதிட்டாரு. அவங்க போன் லாக்கர்ல இருந்துச்சு. யாரு கேக்கறது.”

“பெடல மிதிச்ச பொறவு கட்டைய வச்சுப் பாத்தியளா?”

“பொறவுன்னா?”

“மிதிச்சதுக்கும் பிரஸ் எறங்குததுக்கும் நடுவுல.”

“அதுக்குத்தான் ரெண்டாவது தபா பாக்கச் சொல்லி எழுதி வச்சிருக்கனே. நீகூட பாத்தியே.”

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எந்த வெர்ஷன்ல கம்பைல் பண்ணுனீங்க?”

“புதுசுலதான். நீதான மாத்திக்க சொன்ன, சின்னதா ஆவுது, வேகமா ஓடுதுன்னு.”

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். சாம்சனின் நிரலைப் பழைய வெர்ஷனில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை கம்பைல் செய்து, போர்டுக்குள் போகும் கட்டளைகளை அருகருகே வைத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. பழையதில் சென்சாரைப் பார்க்கும் கட்டளை இரண்டு இடத்தில் இருந்தது. பெடல் மிதிபட்டதும் ஒன்று, காற்றழுத்தம் ஏறி பிரஸ் இறங்குவதற்குச் சற்றுமுன் இன்னொன்று. புதியதில் முதலாவது மட்டும் இருந்தது.

அதை எடுத்தது அவள்தான். ஒரே விஷயத்தை நிரல் இரண்டு முறை பார்த்தால், நடுவில் வேறெந்த வரியும் அதை மாற்றவில்லையென்றால், இரண்டாவது வீண் என்று, நிரலை மிஷினுக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எழுதிய அன்று அத்தனை சந்தோஷம். எல்லாச் சோதனைகளும் தேறி, பச்சையாக வந்தன. நடுவில் வேறெந்த வரியும் மாற்றவில்லைதான். சென்சாரின் முன்னால் ஒரு கை வந்திருந்தது. வரிகளுக்கு வெளியே ஒரு உலகம் இருந்து அது தன்பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும் என்பதை, சென்சார்களுக்கென்றே மொழி எழுதியவள் மறந்திருந்தாள்.

கோப்பின் தலையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அந்த வாசகம் இருந்தது. இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, எந்தச் சேதத்துக்கும் எழுதியவர் பொறுப்பல்ல. எல்லோரும் ஒட்டுவதைப் போல அவளும் ஒட்டியதுதான். இன்றுதான் முதல்முறையாகக் கடைசிவரை படித்தாள்.

சட்டென்று உறைத்தது. சாம்சனைக் கூப்பிட்டாள். “பிரஸ் இப்ப ஓடுதா?”

“ஓடுது. ஓ.டி. இன்னிக்கி அக்கா எடத்துல ஷெர்லின் உக்காந்துகினு கீது.”

“நிப்பாட்டுங்க. இப்பமே போயி நிப்பாட்டுங்கண்ணே. பொறவு சொல்லுதேன்.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவன் ஓடுவது கேட்டது. பிரஸ் விழும் சத்தம் ஒன்று, இன்னொன்று. பிறகு சத்தம் இல்லை.

*

ஷேர் ஆட்டோவில் ஒரகடம், அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர், மறுபடி ஷேர் ஆட்டோ. மண்ணூர் கூட்டுரோட்டு டீக்கடையில் சாம்சன் காத்திருந்தான். தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையின் கையில் கிரீஸ் பட்டிருந்தது. அவள் போனில் சொன்னபடி பழைய வெர்ஷனில் கம்பைல் செய்து ஏற்றிவிட்டானாம்.

“இப்ப கட்டைய எப்ப வச்சாலும் நிக்குது,” என்றான். “ஓனருகிட்ட பியூஸ் போச்சுன்னு சொல்லிகினேன். ஷெர்லின் மறுபடி உக்காந்துடுச்சு. இத்தோட வுட்டுடலாம் லேகா.”

“கங்கா அக்கா?”

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது அடங்கும்வரை காத்திருந்தவன் போலப் பேசினான்.

“நான் மாட்டுன போர்டு. இத்தினி நாளு பிரஸ் ஓடுனது ஓனருக்கு நல்லதா இருந்துச்சு. இப்ப விசாரணைன்னு வந்தா யாரு மாட்டுனதுன்னுதான் கேப்பாங்க. யாரக் கேட்டு மாட்டுனன்னு அவரே கேப்பாரு. என் வூடு அந்த ஷெட்டுக்கு எதுத்தாப்புல கீது. கங்கா அக்கா வூடு அதுக்கு ரெண்டு தெரு தள்ளி. நான் எங்க போவேன்?”

“எம் பேரப் போட்டுத்தான் எழுதுதேன். கம்பைலர்ல தப்பு, எழுதுனது நானு. உங்க நிரல்ல ஒரு தப்பும் இல்லன்னு எழுதுதேன்.”

“எங்க எழுதுவ?”

போனை நீட்டினாள். மடையின் இணையப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே போடுவதற்காகப் பஸ்ஸிலேயே எழுதி வைத்திருந்தாள். இந்த வெர்ஷனை எந்த மிஷினிலும் பயன்படுத்தாதீர்கள். சென்சாரை இரண்டாவது முறை பார்க்கும் கட்டளையை இது நீக்கிவிடுகிறது. இதனால் ஒரு தொழிலாளி விரல்களை இழந்திருக்கிறார். தவறு என்னுடையது.

சாம்சன் அதை மெதுவாகப் படித்தான். அழித்துவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“இத படிக்கறவன்லாம் நேர்மையான பொண்ணுன்னு சொல்லுவான். நீ நல்லவளா ஆயிடுவ,” என்றான். “நான் இன்னா ஆவேன்?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. வேறு யாரோ, வேறெங்கோ ஒரு ஷெட்டில், புதிய வெர்ஷனை ஏற்றிக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். சாம்சன் எழுந்தான். டீக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே ஷெட் பக்கம் நடந்தான்.

*

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் கங்கா படுத்திருந்தாள். வலது கை முழங்கை வரை கட்டுப்போட்டுத் தலையணை மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.

“சாம்சன் கூட வந்தியே, கம்ப்யூட்டர் பொண்ணு. உக்காரு கண்ணு. உன்கிட்டயும் சொன்னானா? நான்தான் கவனமில்லாம கைய வுட்டுட்டேன்.”

எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்தது எதுவும் உதவவில்லை.

“உங்க மேல தப்பு இல்லக்கா,” என்றாள். “கை இருக்கான்னு மிஷின் ரெண்டு தடவ பாக்கணும்னு சாம்சண்ணே எழுதியிருந்தாரு. அத மிஷினுக்குப் புரியுத மாதிரி மாத்திக் கொடுக்கது நான் எழுதுனது. ரெண்டாவது தடவ எதுக்குன்னு அது எடுத்துட்டு. அப்பிடி எடுக்கச் சொல்லி எழுதுனது நாந்தான்.”

கங்கா அவளையே பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“மொதல் தடவ பாத்துச்சா?”

“பாத்துச்சு. அப்ப உங்க கை வெளிய இருந்திருக்கும்.”

“ஆமா. மிதிச்சிட்டேன். தகடு லேசா சாஞ்சிச்சு. நேரா வைக்கலாம்னு கைய வுட்டேன்.” கங்காவின் குரல் தணிந்தது. “செவப்பு லைட்டு எரிஞ்சுதா அப்போ? உனக்குத் தெரியுமா?”

“லைட்டு சென்சார்லயே இருக்கு. கை குறுக்க வந்ததும் எரிஞ்சிருக்கும்.”

“எரிஞ்சுது. நான் பாத்தேன். லைட்டு எரியுது, இனி எறங்காதுன்னுதான் தைரியமா கைய உள்ளயே வச்சிருந்தேன். அத யாருகிட்டயும் சொல்லல. லைட்டு எரிஞ்சா எப்பிடி எறங்கும்னு கேப்பாங்க. நெனச்சு நெனச்சு, நாம பாக்கவே இல்ல போலன்னு எனக்கே ஆயிடுச்சு. ஓனரு ஆளு வந்து பேப்பர் நீட்டுனான். என் தப்புதான்னு கைநாட்டு வச்சேன். இடது கையில.”

சந்திரலேகா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கங்கா இடது கையைத் தூக்கித் தடுத்தாள். அவள் கண்கள் ஈரமாக இல்லை. அவற்றில் என்ன இருந்தது என்று நேராகப் பார்க்கச் சந்திரலேகாவால் முடியவில்லை.

“அதெல்லாம் இப்ப கேக்காத,” என்றாள் கங்கா. “எனக்கு உன்ன இன்னா சொல்றதுன்னே தெரியல. கொஞ்சம் இரு.”

வார்டு வாசலில் கங்காவின் புருஷன், சின்னப்பையன் என்று பெயர், பிளாஸ்க்கோடு வருவது தெரிந்தது. மூன்று நாள் தாடி. காவலாளி வேலையின் நீலச் சட்டையோடே வந்திருந்தான். யாரென்று புரியாமல் சந்திரலேகாவுக்குப் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, பிளாஸ்க்கை வைக்க இடம் தேடினான்.

“அத அப்பால வையி,” என்றாள் கங்கா. “இந்தப் பொண்ணு சொல்றத கேளு.” பிறகு சந்திரலேகாவைப் பார்த்து, “மொதல்லேருந்து சொல்லு கண்ணு. வுடாம சொல்லு. சாம்சன் பேரு வந்தாலும் சொல்லு. இவரு கேக்கட்டும். அப்பால ஓனருகிட்டயும் வந்து சொல்லு.”

சின்னப்பையன் பிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடியே நின்றான். சந்திரலேகா அவன் பக்கம் திரும்பி, மிஷின் ரெண்டு தடவ பாக்கணும் என்று ஆரம்பித்தாள். போர்வைக்கு அடியில் கங்காவின் வலது பாதம் மெல்ல முன்னால் நகர்ந்து, அங்கே இல்லாத பெடல் ஒன்றை ஒருமுறை கீழே அழுத்தியது.